சிசாட் பத்திகளை வாசித்துப் பழக

யூபிஎஸ்சி குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளில், அதாவது திறனறித் தாளில், 2 மணி நேரத்தில் 80 கேள்விகள். 200க்கு 66 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் தமிழ்வழியில் படித்துவிட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் பழைய வினாத்தாள்களைத்தான் கொடுக்கிறேன்.

நேரம் பார்க்காமல் அதிலுள்ள ஒரு பத்தியை வாசியுங்கள். அப்புறம் அதை மூடிவைத்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லையா, மறுபடி வாசியுங்கள். இந்த ஒரு வரிக்காக எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை.

பிறகு பத்தியின் கேள்விக்குக் கொடுத்திருக்கும் விடைகளுக்குப் போகலாம். தேர்ந்தெடுத்த விடைக்குப் பத்தியில் எந்த வரி ஆதாரமோ, அதன்கீழ் பென்சிலால் கோடு போடுங்கள். செய்தித்தாளில் படித்த உண்மையாகவே இருந்தாலும், பத்தியில் இல்லையென்றால் அது விடையல்ல. ‘மட்டுமே’, ‘எப்போதும்’ என்று அடித்துச் சொல்லும் விடைகளை இரண்டு தடவை சரிபாருங்கள்.

கடிகாரம் அப்புறம்.