மன அழுத்தத்திலிருந்து மீள மூச்சை எண்ணிப் பழகுதல்

தியானத்தில் அமர்ந்த உடனே மனம் வெறுமையாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் சில நாட்களிலேயே சலித்துப்போய் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். மனம் ஓடத்தான் செய்யும். அது ஓடிவிட்டதைக் கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி.

மன அழுத்தத்தின்போது அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்து, இதயத் துடிப்பு விரைவடைந்து, மூச்சு மேலோட்டமாகிவிடுகிறது. இவற்றுள் நாம் விரும்பியவுடன் மாற்றிக்கொள்ளக் கூடியது மூச்சு ஒன்றுதான். மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள். துடிப்பு சற்றே தணிவதைப் பலரால் விரலிலேயே உணர முடியும். மூளையிலிருந்து இதயத்துக்குச் சென்று துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் வேலை அது.

முதுகு நிமிர்ந்தும் தோள்கள் தளர்ந்தும் இருக்குமாறு நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்துக்கொள்ளுங்கள். சம்மணமிட்டால்தான் தியானம் என்பதில்லை. கைப்பேசியில் 10 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, மூச்சை வலிந்து இழுக்காமல், ஒவ்வொரு முறை வெளிவிடும்போதும் மனத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள். 10 வந்ததும் மீண்டும் 1.

எளிதாகத் தோன்றும். ஆனால் 4 என்று எண்ணும்போதே நேற்றுக் கேட்ட கடுஞ்சொல் நினைவுக்கு வரும், அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை மனம் கோக்கத் தொடங்கும், விழித்துக்கொள்ளும்போது எண்ணிக்கை 17-இல் நிற்கும். அப்போது தன்னைக் கடிந்துகொள்ளாமல் 1-இலிருந்து தொடங்குங்கள். 10 நிமிடத்தில் இருபது முறை திரும்பி வர நேர்ந்தாலும் அந்த அமர்வு வீணன்று.

தூக்கம் வந்தால் கண்களைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். கால் மரத்துப்போனால் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தம் குறைப்பதற்காகத் தொடங்கிய பயிற்சி 8 வாரம் நீள்வது. ஆகவே ஒரு வாரத்திலேயே பலனை எடைபோட வேண்டாம். பதற்றம் உச்சத்தில் இருக்கும் வேளையை விட, ஓரளவு அமைதியான வேளையில் பழகத் தொடங்குவதே நல்லது என்பேன். நீச்சலை வெள்ளத்தில் இறங்கியா கற்றுக்கொள்கிறோம்?

கண்களை மூடினால் பழைய அதிர்ச்சிகள் பொங்கி வருமானால், பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரை அணுகுங்கள். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். தியானம் சிகிச்சைக்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது.

அலாரம் ஒலித்ததும் துள்ளி எழாமல், விரல்களை மெல்ல அசைத்து, இன்னும் மூன்று மூச்சு இருந்துவிட்டு எழுந்திருங்கள்.