கிளென்ஈகிள்ஸில் ஒரு வார இறுதி: இரண்டு நாட்களைத் திட்டமிடும் முறை

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில், ஆக்டரார்டர் என்னும் சிற்றூரை ஒட்டி, ஓகில் குன்றுகளைப் பார்த்தபடி நிற்கிறது கிளென்ஈகிள்ஸ் விடுதி. கலிடோனியன் ரயில்வே நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்த டொனால்ட் மாத்திசனின் மனத்தில் உருவான இந்த விடுதி 1924இல் திறக்கப்பட்டது. அதன் இரண்டு பழைய கோல்ஃப் திடல்களோ 1919 முதலே ஆட்டத்தில் இருந்தன. அதாவது இங்கே திடல்தான் மூத்தது, மாளிகை பின்னால் வந்தது. உங்கள் வார இறுதியையும் அந்த வரிசையிலேயே திட்டமிடுங்கள்: முதலில் ஆட்டத்துக்கான நேரத்தை உறுதி செய்துகொண்டு, அதற்கேற்ப அறையைப் பதிவு செய்வதே சரியான வழி. அறைக் கட்டணமும் ஆட்டக் கட்டணமும் பெரும்பாலும் தனித்தனியே இருப்பதால், இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை செல்வது நல்லது. ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும்; டிசம்பரிலோ பிற்பகல் 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். எந்த மாதமானாலும் மழைச்சட்டை, மாற்றுக் கையுறை, ஏற்கெனவே நடந்து பழகிய காலணி ஆகிய மூன்றும் பையில் இருக்க வேண்டும். 18 குழிகளையும் நடந்து முடிக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும் என்பதால், புதிய காலணியை அன்றுதான் முதன்முதலாக அணிவது பெரும் தவறு.

லண்டனிலிருந்து வருவோர் வெள்ளி இரவு யூஸ்டன் நிலையத்தில் கலிடோனியன் ஸ்லீப்பர் என்னும் இரவு ரயிலில் இன்வர்னெஸ் நகருக்குச் செல்லும் பெட்டிகளில் ஏறினால், சனி விடியற்காலையில் கிளென்ஈகிள்ஸ் நிலையத்திலேயே இறங்கிவிடலாம். அவ்வளவு காலையில் அறை கிடைக்காது. பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுக் காலை உணவை நிதானமாக முடியுங்கள். நிலையத்துக்கு வண்டி அனுப்புமாறு முன்னதாகவே விடுதிக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.

இங்கே 18 குழிகள் கொண்ட திடல்கள் மூன்று. பழையவையான கிங்ஸ், குவீன்ஸ் இரண்டும் ஸ்காட்லாந்தின் கோல்ஃப் வீரர் ஜேம்ஸ் பிரெய்ட் வகுத்தவை. மூன்றாவதான பிஜிஏ சென்டினரியை அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்தார், அது 1993இல் திறக்கப்பட்டது. ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் மோதும் ரைடர் கோப்பைப் போட்டி 2014இல் நடந்தது அங்கேதான் என்பதால் பலரும் அதையே முதலில் கேட்கிறார்கள். இரண்டே நாள் தங்குவோருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிலத்தின் மேடு பள்ளங்களை அப்படியே ஆட்டமாக மாற்றிய பிரெய்டின் கலையை நடந்து பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. சனிக்கிழமை பிற்பகல், நீளம் குறைந்த குவீன்ஸில் கை பழகட்டும். ஞாயிறு காலை, உடலும் மனமும் தெளிந்திருக்கும் வேளையில் கிங்ஸில் இறங்குங்கள்.

கிங்ஸ் திடலின் ஐந்தாம் குழிக்கு ஸ்காட்ஸ் மொழியில் ‘ஹெட் கர்டில்’ என்று பெயர். சூடான தோசைக்கல் என்றே அதை நாம் சொல்லலாம். மேட்டின் உச்சியில் தட்டையாகக் கிடக்கிறது கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை; சுற்றிலும் சரிவு. காய்ந்த கல்லில் தெளித்த நீர்த்துளி ஓடுவதுபோல, ஓரத்தில் விழுந்த பந்து உருண்டு கீழே போய்விடும். கொடி எந்தப் பக்கம் நட்டிருந்தாலும் நடுப்பகுதியைக் குறிவைத்து அடியுங்கள். மூன்று அடிகளில் முடித்தால் மகிழலாம், நான்கில் முடிந்தாலும் வருந்த வேண்டாம். முடிந்தால் கேடி ஒருவரை, அதாவது மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளரை, அமர்த்திக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத சாய்வுகள் அவருக்குத் தெரியும்.

கிரீனில் பந்து விழுந்து குழிந்த இடத்தைச் சரிசெய்வது ஒவ்வொருவரின் கடமை. சிறு முட்கருவியைத் தழும்பின் விளிம்பில் குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். அடியிலிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து புல் கருகிவிடும். பிறகு பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரால் மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள்.

கோல்ஃப் ஆடாதவர் உடன் வந்தால் அவரைத் திடலோரம் காத்திருக்க வைக்காதீர்கள். கையுறை மாட்டிய கையில் பருந்து வந்து அமரும் பயிற்சி விடுதியிலேயே உண்டு. கிரீஃப் ஊருக்கு அருகே 1680இல் தொடங்கிய இன்னர்பெஃப்ரே நூலகம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பொதுமக்களுக்கு நூல்களை இரவல் தந்த முதல் நூலகம் அதுவே. மாலையில் சேர்ந்து ஆட 9 குழிகள் கொண்ட ‘வீ’ திடல் போதும். அங்கே எல்லாம் குறுந்தொலைவுக் குழிகள், புதியவரும் தயங்காமல் மட்டை பிடிக்கலாம்.

இரவு உணவுக்கு விடுதியிலுள்ள ஆண்ட்ரூ ஃபேர்லி உணவகத்தில் இடம் வேண்டுமானால், ஆட்ட நேரத்தைப் பதிவு செய்யும் அதே நாளில் அதையும் கேட்டுவிடுங்கள். திரும்பும் ஸ்லீப்பர் ரயிலுக்கு ஞாயிறு இரவுச் சீட்டையே எடுங்கள். சனி இரவு அந்த ரயில் ஓடுவதில்லை.