எ, ஆன், தி: தமிழிலிருந்தே சொல்லிக்கொடுக்கலாம்

"ஷீ இஸ் எ டீச்சர்" என்பதை "ஷீ இஸ் டீச்சர்" என்று எழுதும் மாணவரிடம், ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் எ, ஆன், தி என்ற ஆர்ட்டிகிள்களின் விதிகளை மறுபடி ஒப்பிக்கச் சொல்லிப் பயனில்லை. "அவர் ஆசிரியர்" என்பது தமிழில் முழு வாக்கியம். அதில் ஏதோ விடுபட்டிருப்பதாக அவருக்குத் தோன்றவே தோன்றாது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் எளியது. ஒரு மரம், ஓர் ஆடு. உயிரெழுத்துக்கு முன் ஓர் வருவதுபோல ஆங்கிலத்தில் ஆன் வரும். எழுத்தைப் பார்த்து முடிவு செய்யும்போதுதான் தப்பு நடக்கிறது. அதனால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அவர் (hour, மணி நேரம்), எம்.பி.ஏ. இரண்டும் உயிரில் தொடங்குகின்றன, ஆகவே ஆன். யூனிவர்சிட்டி, யூரோப்பியன் இரண்டும் உயிர்மெய், ஆகவே எ. ஓர் எச்சரிக்கை: நாம் ஓட்டல் என்று எழுதினாலும் ஆங்கில ஒலி ஹோட்டல்தான், அங்கே எ. 'தி'யின் உச்சரிப்புக்கும் இதே கணக்கு: த புக், தி ஆப்பிள். எல்லா இடத்திலும் தி என்றே சொன்னாலும் புரியும். இதற்காக வகுப்பு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கடினமானது எ, தி வேறுபாடு. இதற்கு இரண்டாம் வேற்றுமையின் ஐ உருபு கைகொடுக்கும். "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம்: ஐ பாட் எ புக். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியும்: ஐ பாட் தி புக். இப்படி ஐ உருபு இல்லாமலும் உருபோடும் பத்து ஜோடி வாக்கியங்களைச் சொல்லவைத்தால் பிடிபட்டுவிடும்.

இந்த உத்தி மூன்று இடங்களில் காலை வாரும். உயர்திணையில் ஐ எப்படியும் வரும் ("ஒரு பையனைப் பார்த்தேன்"), எனவே அஃறிணைப் பெயர்களோடு மட்டும் பழக்குங்கள். 'ஒரு' இருந்தால், ஐ வந்தாலும் எ அல்லது ஆன்தான். எழுவாயில் உருபே இல்லை, அங்கே "எது என்று கேட்பவருக்குத் தெரியுமா?" என்ற கேள்விதான் வழி.

'ஒரு'வும் ஏமாற்றும். "ஒரு தகவல்", "ஒரு அறிவுரை" என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர் எண்ண முடியாதவை. "ஆன் இன்ஃபர்மேஷன்" தவறு, "எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்" சரி. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

பயிற்சிக்கு மாணவர் தாமே எழுதிய எட்டு பத்து வரி போதும். பெயர்ச்சொற்களை எல்லாம் வட்டமிடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இதே வரிசையில் கேளுங்கள்: எது என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் தி. தெரியாவிட்டால், எண்ண முடியுமா, ஒருமையா? இரண்டுக்கும் ஆம் என்றால் எ அல்லது ஆன். இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். ஊர்ப்பெயர், ஆள்பெயர்களை இந்தச் சுற்றில் விட்டுவிடலாம். "மை", "திஸ்" போன்றவை முன்னால் இருந்தாலும் ஆர்ட்டிகிள் வராது. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் முன்னால் எதுவுமே இல்லாமல் நின்றால் அநேகமாக அது பிழை. "ஷீ இஸ் டீச்சர்" அங்கேதான் பிடிபடும்.

கொஞ்ச நாளில் மாணவர் எல்லாவற்றுக்கும் தி போட ஆரம்பிப்பார்: "ஐ லைக் தி டாக்ஸ்". திட்ட வேண்டாம், கவனிக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். "எனக்கு நாய் பிடிக்கும்" என்று பொதுவாகச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் இல்லாத பன்மை வேண்டும், "ஐ லைக் டாக்ஸ்" என்று. அடுத்த பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.