தாழ்வாரத்தில் வெந்தய வரியன் வளர்ப்பது எப்படி?

வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால் முதலில் எருக்கு வையுங்கள். பூச்செடி எத்தனை வைத்தாலும் தேன் குடித்துவிட்டுப் பறந்துவிடும், முட்டையிட அதற்கு எருக்கு மாதிரி பால் வடியும் செடிதான் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை வெயில் காயும் வறண்ட நிலங்களில் திரிகிற வண்ணத்துப்பூச்சி இது, அதனால் நேர் வெயில் விழும் பக்கமாகத் தொட்டியை வையுங்கள். சிங்கப்பூர் அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரம் என்றால், ஆட்கள் போய்வர 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம், தண்ணீர் தேங்கினால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வந்துவிடும்.

தொட்டி இரண்டாக இருக்கட்டும். நாலைந்து புழு சேர்ந்தால் சின்னச் செடி வெறும் குச்சியாகிவிடும், பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் மறுபடி துளிர்க்கும். சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மருந்து மட்டும் அடிக்கவே கூடாது. கடையில் வாங்கிய செடியிலும் மருந்து இருக்கலாம். நான் வாங்கிய முதல் செடியின் இலையைத் தின்ற புழுக்கள் இரண்டே நாளில் சுருண்டு செத்தன, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் பழைய இலைகளைக் கிள்ளிவிட்டு, புதுத்துளிர் வரும்வரை சில வாரம் செடியை வலை போட்டு மூடி வைக்கிறேன். கிள்ளும்போது வடியும் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையை உடனே சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

முட்டையை இலைக்கு அடியில் தேடுங்கள், வெள்ளையாக, ஒவ்வொன்றாக இருக்கும். மூன்று நாளில் பொரிந்து வரும் புழு, முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு முளைத்திருந்தால் அதுதான் நம் புழு. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் இதைத் தொடாது. நன்றாகப் பெருத்தபின் திடீரென்று காணாமல் போகும், பதறாமல் சுவர், சைக்கிள், செருப்பு அலமாரி எல்லாம் பாருங்கள், எங்காவது தலைகீழாகத் தொங்கி கூட்டுப்புழுவாகியிருக்கும். அதை இடம் மாற்ற வேண்டாம்.

ஏறக்குறைய ஒரு வாரத்தில் கூடு கறுத்து, உள்ளே இறக்கை நிறம் தெரியும். வெளியே வந்ததும் இறக்கை ஈரமாகச் சுருங்கியிருக்கும், உதவுகிறேன் என்று தொட்டுவிடாதீர்கள், அது காய்ந்து விறைக்க நேரம் எடுக்கும். பின்னிறக்கை நடுவில் நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் ஆண், மூன்று இருந்தால் பெண். பெண்ணாக இருந்தால் அந்த இரண்டாவது தொட்டியை வெயிலுக்கு நகர்த்தி வையுங்கள்.