ஈபஸ் பரிசோதனைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பினாங்கில் பல வருடம், ஈபஸ் போன்ற நுரையீரல் பரிசோதனைகள் செய்யும் அறையில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்தேன். ஆரம்பத்தில் காலையில் வருகிறவர்களிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். அது நம் ஊரில் குசலம் விசாரிக்கும் கேள்வியாயிற்றே, வெறும் வயிற்றோடு இருப்பவர்கூட மரியாதைக்கு "ஆச்சும்மா" என்பார். அப்புறம் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: "கடைசியா வாயில என்ன போட்டீங்க, எத்தனை மணிக்கு?" ஒரு ஐயா சொன்னார்: "ஒண்ணுமே சாப்பிடல மிஸ்ஸி, அஞ்சரைக்குத் தேத்தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டும்தான்." அன்றைக்கு அவருக்குப் பரிசோதனை நடக்கவில்லை. மயக்க மருந்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குள் போகும். அதனால்தான் பொதுவாக 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்கிறோம். பால் கலந்த தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குதான். பச்சைத் தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று கையில் கொடுத்த தாளில் இருக்கும், அதன்படி செய்யுங்கள்.

ஈபஸ் என்பது வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் ஒரு குழாய். சுண்டுவிரலைவிட மெல்லியது, ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அதன் நுனியில் சின்ன ஸ்கேன் கருவி இருக்கிறது. மூச்சுக்குழாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள நெறிகளை, அதாவது நிணநீர்க் கணுக்களை, திரையில் பார்த்துக்கொண்டே, புற்றுநோயா வேறு நோயா என்று அறிய, டாக்டர் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பார். ஊசியிலிருந்து கண்ணாடித் தகட்டில் விழுவது ஒரு துளி இரத்தமும் நூல் போன்ற துணுக்கும்தான். முன்பெல்லாம் இதே கணுக்களை எட்டக் கழுத்தின் அடியில் கீறி அறுவை செய்ய வேண்டியிருந்தது. ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் டாக்டர் கசுஹிரோ யசுஃபுகு குழுவினர் 2004-இல் இந்த முறையின் முடிவுகளை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. இப்போது பெரும்பாலானோர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நுரையீரலின் ஓரத்தில் உள்ள கட்டியை இது எட்டாது. அதற்கு வேறு வழிகள் உண்டு.

பயத்தில் தள்ளிப்போடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். "ஊசி பட்டா புத்து பரவிடும்" என்று யாரோ ஒரு உறவுக்காரர் சொல்வார். சி.டி. ஸ்கேன் தாளை அலமாரியில் வைத்துவிட்டு மூலிகைச் சாற்றைக் குடித்தபடி மாதங்களைக் கழித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த முறையில் ஊசியால் புற்று பரவுவது மிக மிக அரிது. ஆனால் நோய் நமக்காகக் காத்திருக்காது. மலேசியாவில் நுரையீரல் புற்று உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் அது தெரியவருகிறது.

இரத்தத்தை இளக்கும் மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. குளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. தேதி கொடுக்கும் நாளிலேயே மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இனிப்பு நீருக்குப் போடும் மாத்திரை, இன்சுலின், கடையில் வாங்கிய பூண்டு மாத்திரை, ஜின்செங் எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும்.

"கட்டி வலப்பக்கம் இருக்கு, ஏன் இடப்பக்கம் குத்துறாங்க?" என்று பிள்ளைகள் கோபப்படுவார்கள். நியாயமான கேள்வி. பலர் "புற்றா, இல்லையா?" என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். டாக்டருக்கு அது எந்த அளவு பரவியிருக்கிறது என்றும் தெரிய வேண்டும். எதிர்ப்பக்கக் கணுவில் புற்று இருந்தால் பொதுவாக அறுவைச் சிகிச்சைக்குப் போக மாட்டார்கள், வேறு சிகிச்சைதான். அதனால் எதிர்ப்பக்கத்தில் தொடங்கிக் கட்டி உள்ள பக்கத்துக்கு வருவார்கள். கட்டியின் பக்கம் குத்திய ஊசியோடு சுத்தமான கணுவுக்குப் போனால் செல் ஒட்டிக்கொண்டு போய், முடிவே தவறாகிவிடும்.

பெட் (PET) ஸ்கேன் என்பது செல்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தைப் பிரகாசமாகக் காட்டும் படம். அதில் கணு பிரகாசமாகத் தெரிந்ததும் அழுது தீர்த்துவிடுகிறவர்கள் உண்டு. காசநோயும் அப்படித்தான் பிரகாசிக்கும். நம் நாட்டில் காசநோய் இன்னும் நிறையவே இருக்கிறது, ஊசி எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். அதே மாதிரி, அறிக்கையில் "புற்றுச்செல் இல்லை" என்று வந்ததுமே பிரச்சினை தீர்ந்தது என்று அடுத்த தேதிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எடுத்த செல் போதுமானதாக இருந்ததா என்று கேளுங்கள். டாக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் மறுபடி எடுக்கவோ அறுவை மூலம் பார்க்கவோ சொல்வார். நாலைந்து தடவை ஊசி குத்தினார்களே என்றும் வருந்தாதீர்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கும் அந்தத் துணுக்குதான் வேண்டும். சிகரெட்டையே தொடாத ஆசியப் பெண்களிடம் இந்த மரபணு மாற்றம் அதிகம் காணப்படுகிறது, அதற்கு மாத்திரையாகவே மருந்து இருக்கிறது.

பிள்ளைகள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க மிஸ்ஸி, சளி எடுக்கத்தான்னு சொல்லியிருக்கோம்" என்பார்கள். பாசம் புரிகிறது. ஆனால் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானே. துறைமுகத்தில் கிராணியாக இருந்த ஒருவர், படுக்கையில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சி.டி. பாரத்தில் மலாயில் 'கன்செர்' என்று எழுதியிருந்ததை அவர் எப்போதோ வாசித்துவிட்டார். அவர் கேட்க நினைத்த கேள்விகளை வீட்டில் யாரிடமும் கேட்க முடியாமல் இரண்டு வாரம் தவித்திருக்கிறார்.

முடிந்த பிறகு தொண்டை மரத்திருக்கும். ஏறக்குறைய 2 மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். பிறகு ஒரு வாய் குடித்து, புரையேறாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு தனியாக வந்த ஒருவரை, அவர் தம்பி வந்து சேரும்வரை நாங்கள் விடவே இல்லை. மயக்க மருந்து கொடுத்த அன்று வண்டி ஓட்டக் கூடாது. சளியில் இரத்தக்கீறல் ஒரு நாள் தெரிவது வழக்கம்தான். கட்டியாக இரத்தம், விடாத காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் காலை வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள், பரிசோதனை செய்த தாளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.