ஏற்காட்டில் ஷாட்கிரீட் சுவர் பொத்தலானது ஏன்?

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டின் பின்னால், வெட்டிய மண் சரிவுக்கு வெல்டுமெஷ் கம்பிவலை கட்டி, 75 மி.மீ. கனத்துக்கு ஷாட்கிரீட் (காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) அடித்தோம். மூன்றாம் நாள் சுத்தியலால் தட்டினால் பல இடங்களில் 'டொப் டொப்' என்று பொத்தல் சத்தம்; அதாவது உள்ளே ஒட்டாமல் வெற்றிடம். உடைத்து மறுபடி அடித்தோம். சிமெண்டைக் கூட்டினோம், மணலை மாற்றினோம், சீக்கிரம் இறுக மருந்தும் கூடுதலாகச் சேர்த்தோம். ஒன்றும் உதவவில்லை. ஆறு நாள் போச்சு.

அப்புறம்தான் கவனித்தேன்: பொத்தல் எல்லாம் முழங்கால் உயரத்தில் ஒரே கோட்டில். காலையில் அந்தக் கோடு மட்டும் கடைசியாகக் காய்ந்தது, அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கெட்டியான சார்னோக்கைட் பாறையும் மேலே உள்ள செம்மண்ணும் சேரும் இடம் அது. மலைத் தண்ணீர் அங்கேதான் கசிந்து, பிடிக்கும் முன்பே கலவையைத் தள்ளியிருக்கிறது.

அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துக் கழுவினோம். கோடு நெடுக துளை போட்டு, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக பிவிசி குழாய் வைத்து, கலவை புகாமல் குழாயின் வாயில் துணி அடைத்தோம். நாசிலை (கலவை பீய்ச்சும் குழாய் முனையை) சுவருக்கு நேராக, ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து, கீழிருந்து மேலே அடித்தோம். தெறித்து விழுந்ததை உடனுக்குடன் கூட்டித் தள்ளினோம்; அது கம்பிக்குப் பின்னால் தங்கினாலும் பொத்தல்தான்.

மறுநாள் துணியை எடுத்ததும் நான்கு குழாயில் தண்ணீர் வந்தது. இப்போது எங்கே தட்டினாலும் 'டங்'. நிம்மதி.