எக்ஸாஸ்டுக்குக் கட்டுப் போட்ட கதை
இங்கிலாந்தில், பாகங்களாக வாங்கி நானே கராஜில் பொருத்திய கிட் காரில் எக்ஸாஸ்ட் பைப்பை ஒட்டியே ஸ்டார்ட்டர் மோட்டார். சூட்டோடு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அரை மணி ஆறவிட்டால் சமர்த்தாகக் கிளம்பும்.

சரி, பைப்பின் சூடு மோட்டாரைத் தாக்காமல் பைப்பைச் சுற்றிக் கட்டிவிடலாம் என்று 2 அங்குலக் கண்ணாடியிழைப் பட்டை வாங்கினேன். காய்ந்த பட்டை, வெறுங்கை. இரவெல்லாம் முழங்கை வரை அரிப்பு! வளைவிலோ பட்டை தொளதொளவென்று நின்றது.

அப்புறம் பைப்பையே வெளியே கழற்றி, பட்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கையுறையோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் கால் அங்குலம் ஏறும்படி இழுத்துச் சுற்றி, முனைகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டையால் இறுக்கினேன். வளைவில் வெளிப்பக்கத்தைப் பார்த்துச் சுற்ற வேண்டும். அங்கேதான் இடைவெளி விழும்.

முதல் ஓட்டத்தில் குபுகுபுவென்று புகை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு அடங்கிவிட்டது. இப்போது சூட்டிலும் ஒரே சாவித் திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. பைப் மைல்டு ஸ்டீல். பட்டைக்குள் ஈரம் தங்கித் துரு ஏறுகிறதா என்று குளிர்காலம் முடிந்ததும் பிரித்துப் பார்க்க வேண்டும்.